தேக்கு: காடும் தோட்டமும்

மட்டாஞ்சேரியில் 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையின் மர மச்சுகள் அந்நாட்டுத் தச்சு வேலையின் சிறப்புக்குச் சான்றாக நிற்கின்றன. ஈரமும் உப்புக்காற்றும் மிக்க இக்கடற்கரையில் தச்சர்கள் தேக்கையே பெரிதும் நாடினர். அதன் எண்ணெய்ப் பசை கறையானைத் தடுக்கிறது. பருவம் மாறினாலும் மரம் அதிகம் சுருங்குவதோ முறுக்குவதோ இல்லை. ஓக் மரத்தைப் போல இரும்பாணியை அரிப்பதுமில்லை. கப்பல் கட்டுவோர் அதனை விரும்பியதற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

கப்பல் தேவையால் மலபார்க் காடுகள் வேகமாக அழிந்தன. 1840-களில் மாவட்டக் கலெக்டராக இருந்த கனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். தேக்கு விதையின் ஓடு கடினமானது. முதல் முயற்சிகளில் விதைகள் முளைக்கவில்லை. சாத்து மேனன் என்னும் வனத்துறை அலுவலரே நாற்று வளர்ப்பில் வெற்றி கண்டார். இன்று விதையை மாறிமாறி நனைத்து உலர்த்தி மேட்டுப் பாத்தியில் விதைக்கின்றனர். ஓராண்டு நாற்றின் தண்டையும் வேரையும் தறித்து, அக்கட்டையைப் பருவமழை தொடங்கும்போது நடுகின்றனர்.

கொச்சி அரசு வேறு வழியை மேற்கொண்டது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள வன டிராம்வே, 1907 முதல் தேக்கை இறக்கியது. செங்குத்தான சரிவுகளில், இறங்கும் சுமைவண்டிகளின் எடையே வெறும் வண்டிகளை மேலே இழுத்தது. வியக்கத்தக்க பொறியியல்தான், ஆனால் வெட்டிய வேகத்திற்குக் காடு ஈடுகொடுக்கவில்லை. டிராம்வே 1963-இல் மூடப்பட்டது. வெட்டப்பட்ட பரப்புகள் பலவற்றில் தேக்கே மீண்டும் நடப்பட்டது.

தோட்டத்தைக் காட்டுக்கு ஈடாகக் கொள்ளலாகாது. ஒரே இன மரங்கள் நிற்குமிடத்தில் இலைதின்னிப் புழுக்கள் எளிதில் பரவுகின்றன. அகன்ற இலைகளில் சேர்ந்து சொட்டும் பெரிய மழைத்துளிகள், கீழ்ச்செடிகள் இல்லாத சரிவில் மண்ணை அரிக்கின்றன. எனவே ஒரு சுழற்சி முடிந்த நிலத்தில் அடுத்த நடவு அதே விளைச்சலைத் தருமென எதிர்பார்க்க இயலாது.

காலமும் கருதத்தக்கது. கேரள வனத்துறைத் தோட்டங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மரங்களை வளர்த்து, இடையிடையே பலமுறை கலைத்தெடுத்த பின்னரே இறுதி வெட்டு நிகழ்கிறது. 1990-களில் சில தனியார் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளில் பெருஞ்செல்வம் கிட்டும் என விளம்பரம் செய்து பொதுமக்களிடம் பணம் திரட்டின. மரம் முதிருமுன் பல நிறுவனங்கள் மறைந்தன. இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு 1999-இல் செபி விதிமுறைகளை வகுத்தது.