செப்டிக் உள்ள வீட்டை விற்கும் முன்: மாசசூசெட்ஸ் விதிகள்

மாசசூசெட்ஸில் வீடு விற்பவருக்குச் சட்டம் கொஞ்சம் தாராளம். கூரைக்கு என்ன வயது, பேஸ்மென்டில் ஈரம் ஏறுமா என்பதையெல்லாம் வாங்குபவர் கேட்காதவரை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1978க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். செப்டிக் இருந்தால் அதையும் மறைக்க முடியாது. 1995இல் திருத்தப்பட்ட ‘டைட்டில் 5’ விதிப்படி வீடு கைமாறும்போது செப்டிக் ஆய்வு கட்டாயம். வாங்கிய நாளில் கையெழுத்துக் கட்டில் ஒரு தாளாகக் கடந்துபோன விஷயம், விற்கும்போது வழிமறித்து நிற்கும்.

செய்ய வேண்டியவை

• ஊர் சுகாதார வாரிய அலுவலகத்தில் உங்கள் வீட்டுக் கோப்பைக் கேட்டுப் படியுங்கள். டேங்க் எங்கே, கழிவுநீர் மண்ணில் இறங்கும் லீச் ஃபீல்ட் எங்கே, எத்தனை பெட்ரூமுக்கு அனுமதி என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். வாங்குபவரின் வக்கீலும் இதைத்தான் புரட்டப்போகிறார்.

• விளம்பரம் போடும் முன்பே, மாநிலம் அங்கீகரித்த ஆய்வாளரை அழையுங்கள். அறிக்கை 2 ஆண்டு செல்லும். ஆண்டுதோறும் டேங்கைப் பம்ப் செய்த ரசீது இருந்தால் 3 ஆண்டு. அறிக்கை 30 நாளுக்குள் வாரியத்துக்குப் போய்விடும். வாங்குபவருக்கும் ஒரு நகல் தர வேண்டும்.

• குளிரில் தரை உறைந்து ஆய்வு செய்ய முடியவில்லையா? விற்ற பின் 6 மாதம்வரை அவகாசம் உண்டு. அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

• ஆய்வில் தேறவில்லை என்றாலும் விற்கலாம். பொதுவாக 2 ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். செலவு யாருடையது என்பது பேரம். விற்ற பணத்தில் ஒரு பகுதியை எஸ்க்ரோவில் நிறுத்திவைப்பது வழக்கம். ஆனால் சில வங்கிகள் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் கடனையே மறுத்துவிடும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ‘நிபந்தனையுடன் தேர்ச்சி’ என்று வந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள்: கழிவுநீரை லீச் ஃபீல்டுக்குப் பிரித்தனுப்பும் டி-பாக்ஸ் உடைந்திருந்தால் அதை மாற்றினால்கூடப் போதுமானதாக இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

• ஆய்வுக்கு முன்னால் டேங்கைக் காலி செய்யாதீர்கள். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. லீச் ஃபீல்ட் தண்ணீரை இழுக்கிறதா, தேக்குகிறதா என்பதற்கு ஆய்வாளர் பார்ப்பது நீர்மட்டத்தைத்தான். கடந்த 2 வாரத்தில் பம்ப் செய்யப்பட்டதா, வழக்கமான புழக்கம் இருந்ததா என்று படிவமே கேட்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடென்றால் இதை ஆய்வாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• பெட்ரூம் கணக்கில் கை வைக்காதீர்கள். அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இதில்தான் என்று நினைக்கிறேன். டைட்டில் 5 ஒரு பெட்ரூமுக்கு நாளொன்றுக்கு 110 கேலன் என்று கணக்கிடுகிறது. 330 கேலனுக்கு வடிவமைத்தது 3 பெட்ரூம் வீடு. அம்மா அப்பா வந்து தங்க பேஸ்மென்டில் ஓர் அறை எழுப்பியிருப்பீர்கள், தவறில்லை. அதையும் சேர்த்து ‘4 பெட்ரூம்’ என்று விளம்பரம் செய்தாலும், கோப்பு 3 என்றே சொல்லும். ‘ஆபீஸ் ரூம்’ என்று பெயர் சூட்டினாலும், ஜன்னலும் கதவும் 70 சதுர அடியும் இருந்தால் அதை பெட்ரூமாகக் கொள்ள விதியில் இடமுண்டு. ஏஜென்ட் எண்ணிக்கையைக் கூட்டிப் போடலாம் என்று ஆசை காட்டினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான 93ஏ அவரையும் பிடிக்கும் என்பதை நினைவூட்டுங்கள்.

• உறவுக்குள் விற்பதால் ஆய்வு வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இடையே விலக்கு உண்டு. பெரியப்பா மகனுக்கு விற்றால் ஆய்வு உண்டு.

• கேப் காட் பக்கம் வீடென்றால் ‘தேறியது’ என்ற அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். 2023 ஜூலையில் வந்த விதிகளின்படி, நைட்ரஜனால் பாதிக்கப்படும் நீர்நிலைப் பகுதிகளில், ஊர் நிர்வாகம் நீர்ப்பிடிப்பு அனுமதி (வாட்டர்ஷெட் பர்மிட்) பெறாவிட்டால், நன்றாக ஓடும் செப்டிக்கையும் 5 ஆண்டுக்குள் மேம்படுத்த வேண்டியிருக்கும்.

• “இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை” என்று வாய்வார்த்தையாகக்கூடச் சொல்லாதீர்கள், வந்திருந்தால். கேட்காததைச் சொல்லாமலிருப்பது வேறு, கேட்டதற்குப் பொய் சொல்வது வேறு. பின்னதற்கு வழக்கு வரும். குழாய் அடைப்பு காரணமாக இல்லாமல், ஒரே ஆண்டில் 4 முறைக்கு மேல் பம்ப் செய்ய வேண்டியிருந்தால் அதுவே தேறாததற்குக் காரணம். பம்ப் செய்யும் நிறுவனம் அந்தப் பதிவுகளை வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.