வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒரு வியாபாரப் பாடம்

கொள்வனவு, கடன், செக், களஞ்சியம் என்று இந்தப் பக்கத்தில் எழுதிவரும் நான் இவ்வாரம் உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறேன். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் பெற்றோர் வாரம் ஒருமுறை கூடும் ஓர் உதவிக் குழு அது. என் மகனுக்காக 2016ஆம் ஆண்டு அங்கே போனேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க வாப்பா" என்றான். உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே பிறரின் வீட்டு விடயங்களைத் தொடாமல், குழு நடந்த விதத்தையும், சம்மதம் தந்த இருவரின் வார்த்தைகளையும் மட்டுமே சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு சிறிய மண்டபம். கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேசை இல்லை, மேடை இல்லை. முப்பது வருடமாகக் கல்லாவில் இருந்தே மனிதர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்த வட்டத்தில் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. த்ரீவீல் ஓட்டும் சகோதரர் ஒருவர், இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாய், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று பன்னிரண்டு பேர் இருந்தோம். நடத்தியவர் ஓர் உளவளத்துணையாளர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். ஆனால் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. அநேகமாக மௌனமாகவே இருந்தார்.

வெறும் கதிரையைக் கண்டால் ஏறி உட்காரும் குணம் முதலாளிமாருக்கு உண்டு. அந்த மௌனத்தை நான் நிரப்பினேன். பிள்ளையின் கையில் காசு கொடுக்காதீர்கள், சேர்க்கையை மாற்றுங்கள், ஊருக்கு அனுப்புங்கள் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். இந்தக் குழுவுக்கு ஒரு தலைவன் கிடைத்துவிட்டான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் டீச்சர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "ஹாஜியார் பேசும்போது உங்களுக்கு என்ன வசதி?" என்று கேட்டார். நீண்ட நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த இடியப்பக்காரத் தாய் சொன்னார்: "அவர் பேசினா எங்கட புள்ளயப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லத் தேவல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஐந்து வாரமாகப் பேசியவன் என் மகனின் பெயரை ஒரு தடவைகூட அங்கே சொல்லவில்லை.

அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலொம் 1970இல் வெளியிட்ட குழுச் சிகிச்சை பற்றிய நூலில் இப்படி ஓயாமல் பேசுகிறவரைத் தனியாகவே ஆராய்கிறார். அவரை எப்படி நிறுத்துவது என்பதோடு அவர் விடயத்தை விட்டுவிடவில்லை. அவரைப் பேசவிட்டு மற்றவர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்கிறார். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் ஒளிந்துகொள்ளலாம். அதனால் அது இரு தரப்புக்கும் லாபமான கொடுக்கல் வாங்கல். டீச்சர் கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

மறுநாள் என் கடையைப் புதிதாகப் பார்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் ஊழியர்களைக் கூட்டிப் பேசுவது என் வழக்கம். பேசுவது என்றால் நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். அன்று மாலை எங்கள் கெஷியர் நானாவைத் தனியாக அழைத்தேன். இருபது வருடம் என்னோடு இருப்பவர். மகன் கல்லாவில் காசு எடுத்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எவ்வளவு காலமாக என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே முதலாளி."

அந்த ஒரு வருடத்தை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். களவு போன காசு பெரிதல்ல. அவன் பழக ஆரம்பித்த காலத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தால் என்பதுதான். கெஷியர் நானா மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாயைத் திறக்க நான் இடம் வைத்ததில்லை.

குழுவில் நான் செய்த இன்னொரு தவறும் உண்டு. மண்டப வாடகைக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு டப்பாவில் அவரவர் முடிந்ததைப் போடுவார்கள். ஒரு வருட வாடகையை நானே தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான 'அல்கஹோலிக்ஸ் எனோனிமஸ்' என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பங்குச் சந்தையில் தொழில் செய்தவர், மற்றவர் சத்திரசிகிச்சை நிபுணர். இருவருமே குடியால் கெட்டவர்கள். 1938இல் கோடீஸ்வரரான இளைய ஜோன் ரொக்பெல்லரிடம் பெருந்தொகை எதிர்பார்த்துப் போனார்கள். அவர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். அதிகப் பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். பின்னாளில் அந்த அமைப்பே வெளியார் நன்கொடை வேண்டாம் என்று விதி வகுத்துக்கொண்டது. தலைவர்கள் ஆள்பவர்கள் அல்லர், நம்பிக்கைக்குரிய ஊழியர்கள் என்பதும் 1950இல் அவர்கள் ஏற்ற விதிகளில் ஒன்று. வாடகையை நான் கொடுத்திருந்தால், அடுத்த வாரம் என்னிடம் "ஹாஜியார், கொஞ்சம் பொறுங்க" என்று யார் சொல்லியிருப்பார்கள்?

நான் மௌனமான பிறகு குழு உடனே சீராகிவிடவில்லை. சண்டைதான் வந்தது. பிந்தி வருகிறவர்கள் பற்றி, அழுகிறவர்கள் பற்றி, டீச்சர் ஏன் வழி சொல்வதில்லை என்பது பற்றியெல்லாம் வாக்குவாதம். இரண்டு பேர் வராமலே நின்றுவிட்டார்கள். குழு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். முகாமைத்துவ வகுப்புக்குப் போன நம் பிள்ளைகள் இந்த இடத்தில் புரூஸ் டக்மன் பெயரைச் சொல்வார்கள். ஒரு குழு முதலில் கூடும், பிறகு மோதும், அதன்பின் தனக்கென ஒழுங்கு வகுக்கும், கடைசியில்தான் வேலை செய்யும் என்று 1965இல் எழுதியவர் அவர். அதற்காக அவர் அலசிய ஆய்வுகளில் பெரும்பங்கு கம்பனிகளைப் பற்றியதல்ல, சிகிச்சைக் குழுக்களைப் பற்றியது. கம்பனிக்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே புதிய பங்காளிகள் சேர்ந்த ஆறு மாதத்தில் சண்டை வந்தால் உடனே கணக்கை முடிக்க ஓடாதீர்கள். சண்டையே வராத பங்குத் தொழிலைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

எங்கள் சண்டை ஓய்ந்தபோது ஒருவர் தலைவராக ஆகியிருந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. த்ரீவீல் சகோதரர்தான் அவர். புத்தி சொல்லமாட்டார். ஒருவர் பேசி நிறுத்தினால், "பிறகு?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு மனிதர்கள் மனதைத் திறந்தார்கள். என் மகனைப் பற்றி நான் முதன்முதலில் சொன்னதும் அவருடைய "பிறகு?" என்ற கேள்விக்குத்தான். எட்டாவது வாரம்.

கடையிலும் இதைச் செய்து பார்த்தேன். திங்கட்கிழமை கூட்டத்தில் வயதில் குறைந்த பொடியன் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். முதல் இரண்டு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதன் பிறகு ஒரு பொடியன், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் மூன்று இடத்தில் கடன் நிறுத்தப்பட்டவர் என்று சொன்னான். அவருடைய அடுத்த ஓடரை நான் கடனுக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடை ஓர் உதவிக் குழு அல்ல. அங்கே என்னை எதிர்த்துப் பேசினால் யாருக்கும் சம்பளம் போகாது. இங்கே போகலாம் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, அந்தப் பயம் நியாயமானது. அதனால் சொன்னதற்காக ஒருவனை ஒரு தடவை கடிந்தாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். விலையையும் கடன் எல்லையையும் நான்தான் தீர்மானிக்கிறேன், அதை வாக்கெடுப்புக்கு விடுவதில்லை.

மகன் இரண்டு தடவை விட்டுவிட்டு மீண்டும் விழுந்தான். இப்போது நான்கு வருடமாக நிற்கிறான், அல்ஹம்துலில்லாஹ். கடைக்கு வருகிறான், கல்லாவில் உட்காருவதில்லை. அது அவனே கேட்டுக்கொண்டது. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை முதன்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தான். லொறிக் கூலிக் கணக்கில் பிழை இருக்கிறது என்றான். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். பதில் சொல்ல வாயெடுத்தேன். கெஷியர் நானா என்னைப் பார்த்தார்.

"பிறகு?" என்றேன்.