சிம்பதி மட்டமா, எம்பதி உசத்தியா?

மேட்டில் நின்றபடி 'ஐயோ பாவம்' என்பது சிம்பதி, இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்வது எம்பதி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். முதலாவது மட்டம், இரண்டாவது உசத்தி என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. சொற்களின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. கிரேக்க வேரின்படி சிம்பதி என்றாலே உடன் உணர்தல்தான். 1759இல் வெளியான தம் அறநூலில் அதை விளக்க ஆடம் ஸ்மித் கழைக்கூத்தாடியைக் காட்டுகிறார். கயிற்றின்மேல் அவன் உடல் வளையும்போது, பார்த்து நிற்கும் கூட்டமும் தன்னையறியாமல் வளைகிறது. அவன் இடத்தில் தங்களை வைத்துப் பார்ப்பதால் வரும் அசைவு அது. இன்று நாம் இதை எம்பதி என்போம். ஸ்மித் காலத்தில் அந்தச் சொல்லே இல்லை. ஓவியத்துக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் பார்ப்பவர் தம் உணர்வைச் செலுத்துவதைக் குறிக்க, ராபர்ட் ஃபிஷர் 1873இல் 'ஐன்ஃப்யூலுங்' என்ற ஜெர்மன் சொல்லைக் கையாண்டார். மனிதரை மனிதர் அறிவதற்கும் அதை விரித்தவர் தியோடர் லிப்ஸ். அவர் காட்டிய உதாரணமும் கயிற்றில் நடப்பவனே! அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக எட்வர்ட் டிச்சனர் 1909இல் ஆக்கியதுதான் எம்பதி.

பிறந்த கதை எதுவானாலும் இன்றைய வழக்கில் இரண்டும் வேறுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வேறுதான். மற்றவர் உணர்வதையே நாமும் உணர்வது எம்பதி, அவர்மேல் நமக்கு எழும் அக்கறை சிம்பதி என்று நான்சி ஐசன்பர்க் போன்ற உளவியலாளர்கள் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிப்பில் சிம்பதி தாழ்ந்துபோகவே இல்லை. வலியில் துடிக்கும் பிள்ளையைக் கண்டு தானும் துடித்து, பார்க்கத் தாங்காமல் எழுந்து போய்விடுகிறவரிடம் எம்பதிக்குக் குறைவில்லை. பிள்ளையை வாரித் தூக்க வைப்பது மற்றது. பிறர் மனத்தை நுட்பமாக அறிவதே எம்பதி என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் திறமை தேர்ந்த மோசடிக்காரனுக்கும் உண்டு. நோயாளிகளுக்குச் சிம்பதி பிடிப்பதில்லையே என்பது இன்னொரு மறுப்பு. அவர்களைச் சுடுவது மேலிருந்து விழும் பரிதாபம். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு 'பிட்டி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அதன் பழியைச் சிம்பதியின் தலையில் ஏற்றியிருக்கிறோம். சிம்பதிக்கு நாம் சொல்லும் அனுதாபமும் இடம் மாறி வந்த சொல்தான், வடமொழியில் அதற்குக் கழிவிரக்கம் என்று பொருள். ஆனாலும் துக்க வீட்டுக்குப் போய், உடன் அழ வராவிட்டாலும், 'இன்றைக்குச் சாப்பாட்டை நாங்கள் கொண்டுவருகிறோம்' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் திரும்புகிற அயல்வீட்டார் காட்டுவது, கலப்பில்லாத சிம்பதி.