ஏலத்தில் விற்ற சரக்கும் திருப்பிக் கேட்கப்படும் பணமும்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குத் தமிழ்நாட்டு வயல் எங்கே முடிகிறது, ஆந்திர வயல் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படுவதில்லை. 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை இராஜ்யத்துடன் இணைந்தபோது வரைபடத்தில் எல்லைக்கோடு இடம் மாறிற்று. கொள்வதும் கொடுப்பதும் மட்டும் அன்றும் இன்றும் அக்கோட்டைத் தாண்டியே நடைபெற்று வருகின்றன.

முன்னாளில் வியாபாரி களத்துக்கே வருவார். வேர்க்கடலையைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார். இரண்டை உடைத்து வாயிலிட்டு மென்ற பிறகே விலை பேசுவார். 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மின்னணு தேசிய வேளாண் சந்தை தொடங்கப்பட்ட பின்னர் நிலைமை வேறாகி வருகிறது. இதில் சேர்ந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்குக்கு எண் இடப்படுகிறது. மாதிரி எடுத்துத் தரம் சோதிக்கப்படுகிறது. வியாபாரிகள் தத்தம் ஊரிலிருந்தே கணினியிலோ கைப்பேசியிலோ விலை கேட்கின்றனர். தொகை விவசாயியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. சரக்கைக் கண்ணால் காணாதவர் விலை கூறுகிறார். வாங்குபவரின் முகத்தைக் காணாதவர் சரக்கை விடுகிறார். விலைப்போட்டி பெருகுவது நன்மையே. ஆயினும், சரக்கு போய்ச் சேர்ந்த மறுநாள், “சொன்ன தரம் இல்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று தொலைபேசி வருமானால் என் செய்வது என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயி மூட்டைக்கு 40 கிலோ வீதம் 50 மூட்டை வேர்க்கடலையை, அதாவது 2,000 கிலோவை, கிலோ 70 ரூபாய்க்கு விற்றார். தொகை 1,40,000 ரூபாய். சோதனைச் சீட்டில் ஈரப்பதம் 8 சதவீதம் என்றிருந்தது. சரக்கை இறக்கிய வியாபாரி, ஈரம் 12 சதவீதம் இருப்பதாகக் கூறி முழுத்தொகையையும் கேட்கிறார். அஞ்சிய விவசாயி பணத்தைத் திருப்பிவிட்டால் சரக்கு அயலூரில் கிடக்கும். ஏற்றுகூலியும் வாடகையும் நட்டமாகும். சினந்து மறுத்துவிட்டாலோ அடுத்த ஏலத்தில் அந்த வியாபாரி கேட்கமாட்டார். அவர் சொல்லக் கேட்ட வேறு நால்வரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் குறையின் மதிப்பு எவ்வளவு என்று காண்போம். ஈரம் 12 சதவீதமானால் 2,000 கிலோவில் உலர்ந்த பொருள் 1,760 கிலோ. அதனை 8 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 1,913 கிலோ நிற்கும். வியாபாரி விலை கொடுத்து வாங்கிய தண்ணீர் 87 கிலோ. அதன் விலை சுமார் 6,090 ரூபாய். உலர்த்தும் கூலியைச் சேர்த்துக்கொண்டாலும், பூஞ்சை பிடியாதவரை, வழக்கு இவ்வளவு பற்றியதே அன்றி 1,40,000 ரூபாய் பற்றியதன்று. இக்கணக்கை இரு தரப்பாரும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே பேச்சின் சூடு பாதி தணிந்துவிடும்.

அடுத்து, அந்த ஈரம் எங்கே ஏறியது? களத்திலா, வழியில் பெய்த மழையிலா? இதற்கு எடைச்சீட்டே சாட்சி. புறப்படும்போது 8 சதவீத ஈரத்துடன் 2,000 கிலோ இருந்த சரக்கு வழியில் நனைந்து 12 சதவீதம் ஆகியிருந்தால், அதன் எடை ஏறத்தாழ 2,090 கிலோவாகக் கூடியிருக்க வேண்டும். இறங்கும் இடத்து எடைமேடையிலும் 2,000 கிலோவே காட்டுமாயின், வழியில் நனைந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை; ஈரம் முன்பே இருந்தது, அல்லது ஏதேனும் ஓர் ஈரமானி பிழையாகக் காட்டுகிறது. ஆகவே இரு முனைகளிலும் எடை போட்டுச் சீட்டு வாங்குவதில் சோம்பல் கூடாது. நம்மில் பலர் எடைச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபடியே வெளுக்கப் போட்டுவிடுகிறோம்.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது? 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. அதன் 64 ஆம் பிரிவின்படி, ஏலம் நடத்துவோர் முடிவை அறிவிக்கும்போது விற்பனை நிறைவேறுகிறது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அறிவித்த பின், விலை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் பின்வாங்க இயலாது. ஆனால் விற்பவர் தம் ஆளையே விட்டுப் பொய்யாக விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விற்பனையையே செல்லாததாக்கலாம். மைத்துனரை விட்டு இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்கச் சொல்லும் சாமர்த்தியசாலிகள் இதைக் கவனிப்பார்களாக.

மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரிக்கு ஒத்திருத்தல் வேண்டும். விவரம் சொல்லி விற்றால் விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாத சரக்கை மறுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. பரிசோதித்துப் பார்க்க அவருக்கு நியாயமான வாய்ப்பும் அளிக்க வேண்டும். எனினும், வந்த சரக்கை ஆலையில் உடைத்துப் பருப்பாக்கிவிட்டவரும், நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவியாமல் வைத்திருந்தவரும் சரக்கை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவர். அவர்கள் முழுத்தொகையைத் திருப்பிக் கேட்க முடியாது. குறைக்கு ஈடாக விலைத்தள்ளுபடியோ நட்டஈடோ மட்டுமே கோரலாம். வேறு உடன்பாடு இல்லையெனில், சரக்கின் உடைமை யாரிடம் சென்றதோ அவரையே அதன் பின்னர் நேரும் சேதமும் சாரும். வாங்கியவர் அமர்த்திய லாரியில், அவருக்கு உரிமையாகிவிட்ட சரக்கு மழையில் நனைந்தால் அது விவசாயியின் பொறுப்பன்று.

மறுவிற்பனைக்காக வாங்கும் வியாபாரி, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகார். வீட்டுக்கென வெல்லமோ எண்ணெயோ இணையவழியில் வாங்கியவர் நுகர்வோர். அவர் 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம். சுயஉதவிக் குழுக்கள் தம் பண்டங்களை விற்கும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும்.

புகார் வந்தவுடன் தொலைபேசியில் வாதிடாமல் எழுத்தில் மறுமொழி அனுப்புவதே நன்று. இவ்வாறு எழுதலாம்: “தாங்கள் வாங்கிய 50 மூட்டை வேர்க்கடலையில் ஈரம் மிகுந்திருப்பதாகத் தெரிவித்தீர்கள். அருள்கூர்ந்து சரக்கை உடைக்காமலும் வேறு சரக்குடன் கலக்காமலும் வைத்திருங்கள். வந்திறங்கிய எடைச்சீட்டின் நகலை அனுப்புங்கள். நாம் இருவரும் ஒப்பும் ஓரிடத்தில் மறுசோதனை செய்யலாம். குறை எம்முடையதாயின் அதற்குரிய தொகையைத் தங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறோம்.” நகரி, புத்தூர்ப் பக்கத்து வியாபாரிக்கு இதனைத் தெலுங்கிலும் எழுதி அனுப்பினால் பாதி மனத்தாங்கல் அப்போதே நீங்கும், இருமொழியும் அறிந்தோர் நம் பகுதியில் குறைவில்லை. மடலின் நகல் ஒன்று விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் இருக்கட்டும். நேரில் பேசித் தீராததை அவர் முன்னிலையில் பேசலாம். எல்லைக்கு அப்பாலுள்ளவர் மீது நீதிமன்றம் செல்வதற்கு ஆகும் செலவும் காலமும் 6,090 ரூபாய்க்குத் தகுமா என்பதை இரு சாராருமே எண்ணிப் பார்க்கலாம்.

உண்மையில் வாங்காத ஒருவர் பணம் திருப்பிக் கேட்பதும் உண்டு. “தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், உடனே திருப்புங்கள்” என்பார். வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியும் கைப்பேசியில் வந்திருக்கும். குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பார்க்கவேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்தவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அழுத்தச் சொன்னால் அவர் நம் பணத்தை எடுக்கிறார் என்பதே பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். புளியமர மகசூல், ஏரி மீன், கழித்த பழைய சாமான் ஆகியவற்றை நேரிலோ இணையவழியிலோ ஏலம் விடும்போது, “காய்ப்பு இல்லை, ஏரி வற்றிவிட்டது” என்று எடுத்தவர் பணம் கேட்டு வருவது புதிதன்று. உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்பதையும், பார்வையிடும் நாளையும், எந்நிலையில் முன்வைப்புத் தொகை திருப்பித் தரப்படும், எந்நிலையில் தரப்படாது என்பதையும் ஏல அறிவிப்பிலேயே எழுதிவிடுக. ஏலம் எடுக்காதவர்களின் முன்வைப்புத் தொகையைத் தாமதமின்றித் திருப்புவதும் முக்கியம். அதைத் திரும்பப் பெறப் பத்து நடை நடந்தவர் மறு ஆண்டு ஏலத்துக்கு வரமாட்டார். கேட்பவர் குறைந்தால் விலையும் குறையும்.

இறுதியாக, மாதிரி பற்றிய ஒரு சிறு விவரம். பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, ஒரு பங்கைச் சோதனைக்கும் ஒரு பங்கைச் சாட்சிக்கும் வைக்கவேண்டும். துணிப்பையில் வைத்த மாதிரி ஈரத்துக்குச் சாட்சி சொல்லாது; காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். காற்றுப் புகாத தடித்த பையில் கட்டி, நாளும் சரக்கின் எண்ணும் எழுதி, இருவர் கையொப்பத்துடன் முத்திரையிட்டு, வெயில் படாத தகரப் பெட்டியில் வைத்திடுக. தகரப் பெட்டி என்பது எலிக்காகச் சொன்னது.