பாகம் பிரிக்கக் கற்றுத்தரும் கணக்கு: பொதுக் காரணியும் பொது மடங்கும்

 

ஆறாம் வகுப்புக் கணக்கில் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம) என்று இரண்டு வருகின்றன. "இதெல்லாம் எதற்கு உதவும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் வீட்டுப் பாகப்பிரிவினைக்கே உதவும் என்று சொல்லுங்கள்.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி. 6-ன் காரணிகள் 1, 2, 3, 6. 8-ன் காரணிகள் 1, 2, 4, 8. இரண்டிலும் உள்ளவை 1, 2. இவற்றில் பெரியது 2, அதுவே மீ.பெ.கா.

ஓர் எண்ணின் வாய்ப்பாட்டில் வரும் எண்கள் அதன் மடங்குகள். 6-க்கு 6, 12, 18, 24... 8-க்கு 8, 16, 24... இரண்டிலும் முதலில் சேர்ந்து வருவது 24; அதுவே மீ.சி.ம. சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு எண்களையும் பெருக்கி மீ.பெ.கா-வால் வகுத்தால் மீ.சி.ம கிடைக்கும்: 6 × 8 = 48; 48 ÷ 2 = 24.

இனி வாரிசுரிமைக்கு வருவோம். சூரா அந்நிஸாவின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வரும் பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. இவற்றின் கீழ் எண்களான 2, 3, 4, 6, 8 எல்லாவற்றுக்கும் மீ.சி.ம 24 தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலில் ஒரு பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக மிஞ்சியது 1 ஏக்கர் 44 சென்ட் மல்லாட்டைக் கொல்லை. அதாவது 144 சென்ட். அவருக்கு மனைவி, தாயார், ஒரு மகன், ஒரு மகள் உள்ளனர். தகப்பனாரும் பாட்டனாரும் முன்பே காலமாகிவிட்டனர்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8, தாயாருக்கு 1/6. மீதி பிள்ளைகளுக்கு: மகனுக்கு 2 பங்கு, மகளுக்கு 1 பங்கு.

8, 6 இரண்டின் மீ.சி.ம 24. சொத்தை 24 பாகமாக்கினால் மனைவிக்கு 3, தாயாருக்கு 4. மீதி 17. இதை 2 + 1 = 3 பங்காக்க வேண்டும்; மீதியின்றி வகுபடவில்லை. 17-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணியும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்குகிறோம். மொத்தம் 72 பாகம்: மனைவி 9, தாயார் 12, மகன் 34, மகள் 17. ஒரு பாகத்துக்கு 2 சென்ட் வீதம் மனைவிக்கு 18, தாயாருக்கு 24, மகனுக்கு 68, மகளுக்கு 34 சென்ட். கூட்டிப் பாருங்கள், 144 வரும்.

பொதுக் காரணி எங்கே உதவும்? ஒரு பெண்மணி வஃபாத்தாகிறார். வாரிசுகள் கணவர், இரு மகன்கள், இரு மகள்கள் மட்டுமே. கணவருக்கு 1/4, எனவே 4 பாகத்தில் அவருக்கு 1, பிள்ளைகளுக்கு 3. பிள்ளைகளின் பங்குகள் 2 + 2 + 1 + 1 = 6. இங்கே 6-ஆல் பெருக்கத் தேவையில்லை. 3, 6 இரண்டின் மீ.பெ.கா 3. 6 ÷ 3 = 2; எனவே 2-ஆல் பெருக்கினாலே போதும். மொத்தம் 8 பாகம்: கணவர் 2, மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று.

பாகம் பிரிக்கும் இடத்தில் "சுமாராகப் பார்த்துக் கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுவதுண்டு. அந்தச் சுமாரில் குறைவது பெரும்பாலும் வாய் திறந்து கேட்கத் தயங்குபவரின் பங்கு: தாயாருடையது, விதவையுடையது, கட்டிக்கொடுத்த மகளுடையது. பின்னமாக இருக்கும் உரிமையை முழு எண்ணாக்கிக் காகிதத்தில் எழுதிவிட்டால், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்; யாரும் எளிதில் மறுக்க முடியாது. பங்குகளின் கூட்டல் மொத்தத்தைத் தாண்டும் கணக்குகளும் உண்டு. ஆகவே யார் வாரிசு, எவ்வளவு பங்கு என்பதை ஃபராயிள் அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க உங்கள் வீட்டுப் பிள்ளையால் முடியும்.

வீட்டுப் பயிற்சி: கணவர் (1/4), தாயார் (1/6), ஒரு மகன், ஒரு மகள். மொத்தம் எத்தனை பாகம்? பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

விடை: 36 பாகம். கணவர் 9, தாயார் 6, மகன் 14, மகள் 7.