கோப்புப் பிழைகளும் அவற்றைக் களையும் நெறியும்

முன்னுரை

ஏட்டுச்சுவடி எழுதிய காலத்தில் எழுத்துக்குப் பகையாக இருந்தவை கறையானும் ஈரமும் ஆகும். இன்று நாம் எழுதுவன எல்லாம் கணினிக் கோப்புகளாக உள்ளன. இவற்றைக் கறையான் அரிப்பதில்லை. ஆயினும் ஒரு கட்டளையில் ஒட்டுமொத்தமாக அழிந்துபோகும் தன்மை இவற்றிற்கு உண்டு. அவ்வாறு அழிவன பெரும்பாலும் கருவிப் பழுதால் அழிவதில்லை. திரையில் தோன்றிய பிழைச்செய்தியை முழுமையாகப் படியாமல், அதனை விரைந்து நீக்க முயன்ற கையாலேயே அழிகின்றன. மெய்நிகர் கணினியிலும் வழங்கி மென்பொருளிலும் தோன்றும் கோப்புப் பிழைகள் யாவை, அவற்றை அணுகும் நெறி யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்நிகர் கணினியின் இயல்பு

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்பெறும் மற்றொரு கணினியே விர்ச்சுவல் மெஷின் எனப்படும் மெய்நிகர் கணினியாகும். இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் அறிவித்த வி.எம்.370 என்னும் அமைப்பிலேயே இது வணிக வடிவம் பெற்றுவிட்டது. மேசைக் கணினிக்கு இதனைக் கொணர்ந்த வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் 1999இலும், மாணவர் பலரும் கையாளும் விர்ச்சுவல்பாக்ஸ் 2007இலும் வெளிவந்தன.

வெளியே உள்ள கணினியைப் புரவலர் என்றும், உள்ளே இயங்குவதனை விருந்தினர் என்றும் கொள்வோம். விருந்தினர் தன்னிடம் வன்தட்டு ஒன்று இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. உண்மையில் அது புரவலரின் வட்டில் உள்ள ஒரு பெரிய கோப்பேயாகும். எனவே ஒரு கோப்புப் பிழை விருந்தினருக்குள்ளே தோன்றியதா, விருந்தினரையே தாங்கி நிற்கும் கோப்பில் தோன்றியதா என்பதே முதலில் எழுப்பத்தக்க வினாவாகும். இவ்வினாவை எழுப்பாமல் செய்யும் மருத்துவம் நோயுள்ள இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்திடுவதனை ஒக்கும்.

பிழைச்செய்தியைப் படித்தல்

பிழைச்செய்தி ஒரு சிறு பனுவல். அதில் பெரும்பாலும் மூன்று கூறுகள் இருக்கும். எச்செயல் தடைப்பட்டது என்பது முதலாவது. எக்கோப்பில் தடைப்பட்டது என்பது இரண்டாவது. தடையின் வகை யாது என்பது மூன்றாவது. தடையின் வகையை லினக்ஸ் எண்களால் குறிக்கிறது. 2 என்பது அப்பெயரில் கோப்பு இல்லை என்பதாம். 13 என்பது உரிமை மறுக்கப்பட்டது என்பதாம். 24 என்பது ஒரு நிரல் அளவுக்கு மீறிக் கோப்புகளைத் திறந்துள்ளது என்பதாம். 28 என்பது வட்டில் இடம் இல்லை என்பதாம். 30 என்பது கோப்பு முறை படிப்பதற்கு மட்டுமே திறந்துள்ளது என்பதாம்.

இவை தடைப்பட்ட இடத்தைச் சுட்டுவனவேயன்றிக் காரணத்தைக் கூறுவன அல்ல. சான்றாக 30ஆம் எண்ணைக் காண்போம். வட்டில் சிதைவு உண்டு என ஐயுறும்போது, மேலும் கேடு நேராதிருக்க லினக்ஸ் தானே எழுதுதலை நிறுத்திக்கொள்வதுண்டு. இது நோயன்று, காவல். காவலை வலிந்து நீக்கி மீண்டும் எழுத வைப்பார், சிதைந்த வட்டின்மேல் எழுதிச் சிதைவைப் பெருக்குவர். வட்டைச் சோதித்த பின்னரே எழுத விடுதல் முறையாகும்.

பூட்டும் சங்கிலியும்

ஒரே வட்டுக் கோப்பில் இரு நிரல்கள் ஒருங்கே எழுதினால் அது சிதையும். ஆதலின் இயங்கும் மெய்நிகர் கணினி தன் கோப்பைப் பூட்டி வைக்கிறது. வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷனில் எல்.சி.கே. என முடியும் உறை ஒன்று வட்டுக் கோப்பின் அருகே தோன்றும், அதுவே பூட்டு. மின்சாரம் திடீரென நின்றால் கணினி அணையும். பூட்டு மட்டும் எஞ்சிவிடும். மறுமுறை தொடங்கும்போது கோப்பைப் பூட்ட இயலவில்லை என்னும் செய்தி வரும்.

இங்குப் பூட்டை உடைப்பது எளிது. ஆயினும் உள்ளே எவரும் இல்லை என்று அறிந்த பின்னரே உடைத்தல் வேண்டும். அந்த மெய்நிகர் கணினி பின்னணியில் இயங்குகிறதா, வேறொருவர் வலையமைப்பு வழி அதே கோப்பைத் திறந்துள்ளாரா என்று முதலில் காண வேண்டும். இல்லை எனத் தெளிந்த பின்னரும் பூட்டு உறையை அழிக்காமல் வேறிடத்திற்கு நகர்த்தி வைத்தலே தக்கது.

இனி, ஸ்நாப்ஷாட் எனப்படும் நிலைப்பதிவு. ஒரு நிலைப்பதிவு எடுத்தவுடன் பழைய வட்டுக் கோப்பில் எழுதுதல் நின்றுவிடுகிறது. அதன் பின் நிகழும் மாற்றம் யாவும் புதிய சேய்க் கோப்பில் சேர்கின்றன. சேய் தாயை நம்பியிருக்கிறது. தாய்க் கோப்பைத் தனியே திறந்து மாற்றினால், சேய் பிறந்த பின் தாய் மாறிவிட்டது என்னும் பிழை தோன்றும். இடம் போதவில்லை என்று சேய்க் கோப்பை அழித்தால், நிலைப்பதிவுக்குப் பின் செய்த பணி அனைத்தும் போகும். நிலைப்பதிவை அந்த மென்பொருளின் வாயிலாகவே நீக்குதல் வேண்டும். அப்போதுதான் சேயில் உள்ளவை தாயுடன் முறையாக இணையும்.

இடமின்மை மூவகை

இடம் இல்லை என்னும் ஒரே செய்திக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் மறைந்திருக்கக் கூடும்.

முதலாவது, வட்டு உண்மையாகவே நிரம்பியிருத்தல். மெய்நிகர் கணினியில் இதற்கும் இரு முகங்கள் உண்டு. விருந்தினருக்கு 100 ஜி.பி. வட்டு எனக் குறித்திருப்போம். அக்கோப்போ தேவைக்கேற்ப வளருமாறு அமைந்திருக்கும். புரவலரிடம் 40 ஜி.பி. இடமே எஞ்சியிருந்தால், விருந்தினர் தன் கணக்கில் இடம் உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே எழுதுதல் நின்றுவிடும்.

இரண்டாவது, அழித்த கோப்பு இடத்தை விடாதிருத்தல். இயங்கும் வழங்கி நிரல் ஒன்று திறந்து வைத்துள்ள பெரிய பதிவேட்டை நாம் அழித்துவிட்டால் அதன் பெயர்தான் மறையும். அந்நிரல் அதனை மூடும் வரையில் இடம் விடுபடாது. வட்டின் மொத்தக் கணக்கைக் காட்டும் டி.எஃப். கட்டளையும், கோப்புகளைக் கூட்டிக் காட்டும் டி.யு. கட்டளையும் ஒன்றற்கொன்று மாறுபட்டால் இக்காரணத்தை ஐயுறலாம். எல்.எஸ்.ஓ.எஃப். என்னும் கட்டளை அக்கோப்பைப் பிடித்திருக்கும் நிரலைக் காட்டிக்கொடுக்கும். அந்நிரலை முறைப்படி நிறுத்தித் தொடங்கினால் இடம் மீளும்.

மூன்றாவது, ஐநோடு தீர்ந்துபோதல். ஐநோடு என்பது ஒவ்வொரு கோப்பிற்கும் உரிய குறிப்பு. லினக்ஸில் பரவலாக வழங்கும் ஈ.எக்ஸ்.டி.4 முறையில், வட்டை அமைக்கும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்தால், வட்டில் பாதி வெறுமையாக இருந்தும் புதுக் கோப்பு ஒன்றைப் படைக்க இயலாது. டி.எஃப். கட்டளையோடு ஐ என்னும் குறியைச் சேர்த்தால் இது விளங்கும்.

உரிமை மறுப்பு

அப்பாச்சி போன்ற வலைவழங்கி நிறுவியவர் பலரும் சந்திப்பது 403 என்னும் எண்ணாகும். 404 என்பது நாடிய பக்கம் கிட்டவில்லை என்பதாக, 403 என்பது தர மறுத்தல் என்பதாகும். கோப்பின் உரிமையைச் சரிபார்த்து, எல்லாம் செவ்வனே உள்ளனவே என்று பலர் மயங்குவர். கோப்பு வீட்டின் உள்ளறை போன்றது. அதனை அடைய ஒவ்வொரு வாயிலையும் கடக்க வேண்டும். மேலே உள்ள உறைகளுள் ஏதேனும் ஒன்றில் நுழைவுரிமை இல்லையெனினும் கோப்பை அடைய இயலாது. வழங்கி நிரல் நம் பெயரில் இயங்குவதன்று. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அது தனக்கெனத் தனிப்பயனர் பெயர் கொண்டு இயங்குகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ரெட் ஹேட் வழிவந்த அமைப்புகளில் எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் மற்றொரு காவலும் உண்டு. அது கோப்பிற்கு இடப்பட்ட முத்திரையைப் பார்க்கும். வீட்டு உறையிலிருந்து ஒரு கோப்பை நகர்த்தினால் பழைய முத்திரையே தங்கிவிடும். உரிமையெல்லாம் சரியாக இருந்தும் வழங்கி மறுப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்; ரெஸ்டோர்கான் என்னும் கட்டளை முத்திரையைச் சீராக்கும்.

இவற்றை ஆராயாது 777 என்று எல்லார்க்கும் எல்லா உரிமையும் வழங்கிவிடுதல் பரவலாகக் காணப்பெறும் வழக்கம். திறவுகோல் பொருந்தவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றிவிடும் செயல் இது.

தமிழ்ப் பெயரும் கோப்பும்

தமிழ் பயில்வோர் தனித்து அறியவேண்டிய செய்திகள் இரண்டு உள. கோப்பு என்னும் சொல்லின் முதலெழுத்தையே காண்போம். யூனிகோடு முறையில் அதன் ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாக எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸோ வடிவத்தைப் பாராது பைட்டுகளையே ஒப்பிடுவதால் அவை அதற்கு வேறு வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் வழங்கிக்கு வந்த கோப்பு கண்முன் இருந்தும் கிட்டாமல் போவதன் மருமம் இதுவாகலாம். கான்வ்எம்வி என்னும் கருவி இப்பெயர்களை ஒருமைப்படுத்தும். செய்யப்போவதனை முதலில் காட்டிவிட்டு, நாம் உறுதி கூறிய பின்னரே பெயர்களை மாற்றுவது அதன் சிறப்பு.

மற்றொன்று பெயரின் நீளம். ஈ.எக்ஸ்.டி.4 முறையில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யு.டி.எஃப்.8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். எனவே 85 குறியீடுகளே அடங்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் ஒரு குறியீடு என்பதால் எழுத்துகள் இன்னும் குறையும். விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். முறையோ 255 குறியீடுகளை ஏற்கும். நூலின் தலைப்பு முழுவதனையும் பெயராகச் சூட்டிய கோப்பு, விண்டோசில் இருந்து லினக்ஸிற்குப் படியெடுக்கும்போது தடைப்படுவது இதனாலேயாம்.

நீக்குதலால் நேர்ந்த கேடு

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது உலகறிந்த செய்தி. முதன்மைத் தரவுத்தள வழங்கியிலிருந்து துணை வழங்கிக்குப் படி செல்லாமல் தடைப்பட்டது. துணை வழங்கியின் உறையில் எஞ்சிய கோப்புகளே தடை எனக் கருதிய பொறியாளர் அவ்வுறையை நீக்க முற்பட்டார். கட்டளையோ முதன்மை வழங்கியில் இடப்பட்டுவிட்டது. ஓரிரு நொடிகளில் அவர் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. அளவே எஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய காப்புப்படிகளும் மென்பொருள் பதிப்பு வேறுபாட்டால் உருவாகாமலே இருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு படியே துணைநின்றது; இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை. நிறுவனம் யாவற்றையும் மறையாது வெளியிட்டது. அதனாலேயே நாமும் கற்கிறோம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரலாறு மற்றொரு படிப்பினை. அதில் எக்ஸ்லாக் என்னும் சொல் அமைந்த உறை ஒன்று இருந்தது. லாக் என்ற பெயரைக் கண்டு, பழைய பதிவுக் குறிப்புகள்தாமே என்று இடம் வேண்டி அதனை அழித்தோர் தரவுத்தளத்தையே இழந்தனர். தரவு சிதையாது காக்கும் ஏடுகள் அவ்வுறையில்தான் இருந்தன. எனவே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் லாக் என்னும் சொல் நீங்குமாறு அவ்வுறையின் பெயரையே மாற்றினர். பெயர் பொருளை மயக்கினால் விளைவது யாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கொள்ளத்தக்க நெறி

மேற்கண்டவற்றால் பெறப்படும் நெறியை மூன்று தொடரில் அடக்கலாம். முதலில் படி, பின்னர்ப் படியெடு, அதன் பின்னரே மாற்று.

படித்தலாவது, செய்தியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுதலும், அதே நேரத்துப் பதிவேட்டைக் காணுதலும், எந்தக் கணினியில் நிற்கிறோம் என்பதனை உறுதிசெய்தலும் ஆம். படியெடுத்தலாவது, மெய்நிகர் கணினியை நிறுத்திய பின் அதன் உறை முழுவதனையும் வேறொரு வட்டிற்குக் கொண்டுசெல்லுதல். பழைய எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த விரலி 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏலாது என்பதனையும் அறிந்திருத்தல் நலம். இயங்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே படியெடுத்தல் பயன்தராது. அதற்குரிய கருவியால் எடுத்தல் வேண்டும். நிலைப்பதிவும் காப்புப்படியாகாது, தாய்க் கோப்பு போனால் அதுவும் போகும். எடுத்த படியை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தாலன்றி அது படியெனக் கொள்ளப்படாது. மாற்றுதலாவது, ஒருபொழுதில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டு, எழுதி வைத்தல். அழித்தற்குப் பதிலாகப் பெயர் மாற்றியோ நகர்த்தியோ வைத்தால் பிழைபட்டவிடத்துத் திரும்பும் வழி திறந்தே இருக்கும்.

முடிவுரை

ஒரு பாடத்தில் பொருள் விளங்கவில்லை என்பதற்காக அந்த ஏட்டையே நீக்கிவிடும் பதிப்பாசிரியர் எவரும் இலர். விளங்காத இடத்தில் நின்று, பிற சுவடிகளோடு ஒப்பிட்டு, மூலத்தைக் காத்துக்கொண்டே திருத்தம் காண்பதே பதிப்பு நெறி. கோப்புப் பிழையை அணுகும் நெறியும் அதுவே. ஓர் ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பும், ஒரு துறையின் மதிப்பெண் பதிவேடும், ஒரு நூலகத்தின் மின்படிவங்களும் இன்று சில கோப்புகளுக்குள் அடங்கியுள்ளன. அவற்றைக் காக்கும் பொறுப்பு கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. நீக்கு என்னும் விசையின்மேல் விரல் வைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. படிக்கக் கற்ற மாணவர்க்கு இப்பொறுப்பு அரிதன்று.