பெற்றோர் கொடுக்கும் சொத்தும் சர்க்கார் வரியும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டியும் கடை வைத்தும் பிழைத்த நம் பெரியோர் பலர், சேமநிதிப் பணத்தைக் கொண்டு சிரம்பானிலும் பகாவிலும் நீலாயிலும் சொந்த வீடு வாங்கினர். லயத்து வீடு கம்பெனியுடையது; அதை எவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது. பட்டா தம் பெயரில் உள்ள வீட்டையோ, உயிரோடிருக்கும்போதே மக்களுக்குக் கொடுக்கலாம். அப்போது வரி உண்டா, எவருக்கு விலக்கு என்பதே இம்மாதப் பாடம்.

நம் நாட்டில் நன்கொடை வரி என்று தனியாக ஒன்று இல்லை. இறந்தவர் சொத்தின் மீதிருந்த மரண வரியும் 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1958-ல் வந்த நன்கொடை வரி 1998-ல் ஒழிந்தது. அமெரிக்காவில் அவ்வரி இன்றும் உண்டு; 2025-ல் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் 19,000 டாலர் வரை அங்கே கணக்கில் சேர்க்கப்படவில்லை. இங்கு அவ்வரி இல்லை என்பதால் செலவே இல்லையென்று எண்ணிவிடலாகாது. இரண்டு வரிகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது முத்திரை வரி. சொத்து மதிப்பில் முதல் 1 லட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு 1, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அடுத்த 5 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 4 வீதம் விதிக்கப்படும். 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு வரி 7,000 வெள்ளியாகும். ஆனால் பெற்றோருக்கும் மக்களுக்கும் இடையே, பாட்டன் பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே அன்பின் பேரில் கொடுத்தால், 2023 ஏப்ரல் 1 முதல், முதல் 10 லட்சத்துக்கு வரியே இல்லை. மிகுதிக்குப் பாதி வரி. 12 லட்சம் வெள்ளிச் சொத்துக்கு 4,000 வெள்ளி கட்டினால் போதும். பெறுகிறவர் மலேசியப் பிரஜையாக இருக்க வேண்டும். சிவப்பு அடையாளக் கார்டு உள்ளவருக்கு இச்சலுகை கிடையாது. கணவன் மனைவிக்குள் கொடுப்பதற்கு முழு விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்குள் விலக்கு இல்லை.

இரண்டாவது சொத்து லாப வரி. கொடுப்பவர் பிரஜையாக இருந்து, மேற்சொன்ன உறவினருக்கே கொடுத்தால், லாபம் வந்ததாகக் கருதப்படாது. சகோதரருக்குக் கொடுத்தாலோ, சந்தை விலைக்கு விற்றதைப் போல் லாபம் கணக்கிடப்படும். பிரஜைகளுக்கு முதல் 3 ஆண்டுகளில் அந்த லாபத்தில் நூற்றுக்கு 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் இல்லை.

இங்கேதான் நம்மவர் ஒரு விஷயத்தில் நஷ்டப்படுகின்றனர். "மூத்தவன் பெயரில் எழுதிவிடுவோம், பிறகு அவன் தம்பி தங்கைகளுக்குப் பிரித்துக் கொடுப்பான்" என்கின்றனர். தந்தை நேராகக் கொடுத்தால் வரியில்லாத பங்கு, மூத்தவன் கைவழியாக வரும்போது முத்திரை வரிக்கு உட்படுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மூத்தவன் திடீரென மௌத்தாகிவிட்டால், பட்டாவில் உள்ளது அவன் பெயர். சொத்து அவனுடைய மனைவி மக்களுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் ஃபராயிள்படி போகும். தம்பி தங்கைகள் தங்கள் பங்கை ஷரீஅத் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வரும். குடும்பப் பாசமும் அங்கே முறிந்து போகும்.

நம் மார்க்கமும் இதற்கு வழி காட்டுகிறது. ஹிபா என்பது கொடுப்பவர் சொல்லி, பெறுகிறவர் ஏற்று, சொத்து கைவசம் ஒப்படைக்கப்படுவதாகும். எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பது ஹிபா ஆகாது. வாரிசுக்கு வஸிய்யத் எழுதினாலும், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த தந்தைக்குச் சாட்சியாக இருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததை, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸால் அறிகிறோம்.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் பங்கையும் அவரவர் பெயரிலேயே நேராக எழுதுவோமாக. 14ஏ பாரத்தில் கையெழுத்திட்டு, 30 நாட்களுக்குள் முத்திரை வரிக்குச் சமர்ப்பித்து, அசல் பட்டாவுடன் நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கடன் பாக்கியிருந்தால் முதலில் வங்கியின் சம்மதம் வேண்டும். கையெழுத்திடுமுன் வக்கீல் ஒருவரையும் ஆலிம் ஒருவரையும் கலந்து கொள்வது நலம். வியர்வை சிந்திச் சேர்த்த சொத்து மக்களை ஒன்று சேர்க்கட்டும், பிரிக்க வேண்டாம்.